குழந்தைகளுடன் முதல் மலைநடை: திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

அப்போது என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. முதல் முறையாக இருவரையும் ஒரு குன்றுக்கு அழைத்துப்போனேன். உச்சியைத் தொட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். இறங்கத் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் மகள் பாதை நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் இல்லை, அடமும் இல்லை. “அப்பா, என் கால் நடக்க மாட்டேன் என்கிறது” என்றாள். மீதி இரண்டு கிலோமீட்டரும் அவளை முதுகில் சுமந்துகொண்டு, அரை இருட்டில் பாதையைக் காலால் துழாவியபடி இறங்கினேன். டார்ச் பத்திரமாகக் காரில் இருந்தது.

நாம் களைப்பதும் குழந்தைகள் களைப்பதும் ஒரே மாதிரி இல்லை. நமக்குக் களைப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், முன்கூட்டியே தெரியும். குழந்தையோ கடைசி நிமிடம் வரை குதித்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணெய் தீர்ந்த விளக்குபோலப் பொசுக்கென்று அணைந்துவிடும். உச்சியில் அது துள்ளுவதைப் பார்த்து “இன்னும் தெம்பு இருக்கிறது” என்று நினைத்தவன் நான். அதனால்தான் இந்த வழிகாட்டியை ஏறுவதிலிருந்து தொடங்காமல், திரும்புவதிலிருந்து தொடங்குகிறேன்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல் நடைக்கு உச்சி வேண்டாம். நீரோடை, பெரிய பாறை, பாழடைந்த சுவர், பாலம் என்று வழியில் எதையாவது காட்டும் பாதை போதும். குழந்தைக்கு “மேலிருந்து தெரியும் காட்சி” ஒரு பொருட்டே இல்லை. கையால் தொடக்கூடியதுதான் அதற்குக் காட்சி.

தூரத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: மூன்று, நான்கு வயதில் போக வர மொத்தம் இரண்டு கிலோமீட்டர், ஐந்து முதல் ஏழு வயது வரை மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர், எட்டு வயதுக்கு மேல் ஆறு கிலோமீட்டர். இது முதல் நடைக்கு மட்டும். இரண்டாவது, மூன்றாவது முறை உங்களுக்கே அளவு தெரிந்துவிடும். பிள்ளைகள் பலர் என்றால் கணக்கைக் கடைசிப் பிள்ளையின் காலுக்கு வையுங்கள்.

தூரத்தைவிட ஏற்றம் முக்கியம். உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும் பாறைப் படி, நான்கு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய இடுப்பு உயரம். அதே படியில் நீங்கள் கால் வைத்து ஏறுவீர்கள். குழந்தையோ கையை ஊன்றித் தொற்றி ஏற வேண்டும். வரைபடத்தில் உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் லேசான சாய்வு. இந்த ஒன்றைப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பாதைகளை வீட்டிலிருந்தே கழித்துவிடலாம்.

போன வழியே திரும்பும் பாதையா, சுற்றி வரும் பாதையா? முதல் முறைக்கு முதலாவதுதான் என் தேர்வு. எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் பாதிக்கு வந்துவிட்டால், முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம்தான்; நடுவில் உட்கார்ந்துவிட்ட குழந்தைக்கு அங்கே குறுக்குவழி கிடையாது.

கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேலான இடங்களை முதல் நடைக்கு எடுக்காதீர்கள். உயரத்தால் வரும் தலைவலியையும் குமட்டலையும் சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சும்மா சிணுங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது ஏறக்குறைய இப்படி வரும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வாகுள்ள, ஓய்வெடுக்காமல் நடக்கும் பெரியவர்களுக்கான கணக்கு அது. குழந்தைகள் இருந்தால் வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள். பிறகு சாப்பிட, தண்ணீர் குடிக்க, கல் பொறுக்க என்று தனியாகச் சேருங்கள்.

நான்கு கிலோமீட்டர் பாதை, 200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 20. மொத்தம் 68 நிமிடம். இரட்டித்தால் இரண்டே கால் மணி. ஓய்வையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். “நாலே கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்” என்று கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி முக்கியமான வேலை. திரும்பும் நேரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் திரும்ப வேண்டும். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது வண்டி நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவதுபோலப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த நேரம் கிடைக்கும். வீட்டிலேயே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்: “பதினொன்றரை மணிக்கு எங்கே இருக்கிறோமோ, அதுதான் நம் உச்சி.” கைக்கடிகாரத்தை மூத்த பிள்ளையிடம் கொடுத்து, நேரம் சொல்லும் பொறுப்பையும் ஒப்படைத்துவிடலாம். என் மகன் இதில் இரக்கமே பார்ப்பதில்லை. “இன்னும் ஐந்து நிமிடம் போனால் அருவி தெரியும்” என்று நான் கெஞ்சினாலும் நடக்காது.

கடிகாரம் இல்லாத நேரத்துக்கு ஒரு தோராய வழி உண்டு. கையை நேராக நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கை வசமாக அடுக்கிப் பாருங்கள். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். நான்கு விரல் இடைவெளி என்றால் மறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. மேற்கே மலை மறைத்தால் இருட்டு அதற்கும் முன்பே வந்துவிடும்.

போகும் பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலும் உடையும்

புதுக் காலணியோடு மலைக்குப் போகக் கூடாது. வாங்கிய காலணியைக் குறைந்தது ஒரு வாரம் வீட்டிலும் தெருவிலும் போட்டு நடக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப்போகும் அதே காலுறையோடு போய் வாங்குவது நல்லது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. ஒருமுறை மகள் லேசாக நொண்டுவதைப் பார்த்து உட்காரவைத்தேன். காலணியைக் கழற்றினால், காலுறை குதிகாலுக்குக் கீழே சுருண்டு ஒரு கயிறு மாதிரி மடிந்து கிடந்தது. அந்த இடத்தில் தோல் சிவந்து சூடாக இருந்தது, இன்னும் நீர் கோக்கவில்லை. காலைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, காலுறையை இழுத்துவிட்டதோடு சரியாகிவிட்டது. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்திருக்கும். நடக்கத் தொடங்கி இருபது நிமிடத்தில் ஒருமுறை நின்று, எல்லோருடைய குதிகாலையும் பார்த்துவிடுங்கள். “வலிக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை; விளையாட்டு மும்முரத்தில் “இல்லை” என்றுதான் சொல்வார்கள்.

பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது. ஓரிடத்தில் நின்றதும் ஈரம் உடம்பிலேயே குளிர்ந்துவிடும். விரைவில் காயும் துணி ஒன்று, மேலே போட்டுக் கழற்ற ஒன்று, காற்றும் மழையும் புகாத மேலங்கி ஒன்று என்று அடுக்கடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி இறங்கும், புற ஊதாக் கதிரின் வீச்சோ பத்து சதவீத அளவுக்குக் கூடும். குளிராக இருக்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டால் சாயங்காலம் குழந்தையின் காது மடலைப் பார்த்து வருந்துவீர்கள்.

கைக்குழந்தையை முதுகுச் சுமப்பானில் வைத்துப் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். தலை நன்றாக நின்று, பிடிமானமில்லாமல் உட்காரும் வயது வந்த பிறகே அதில் வைக்கலாம். இன்னொன்று, சுமக்கும் நீங்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும். அடிக்கடி கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், கையும் காலும் சில்லென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது என்பதைத் தாழ்ந்த கிளைக்குக் கீழே போகும்போது மறந்துவிடக் கூடாது. எனக்கு ஒருமுறை மறந்தது.

பையில் என்ன

தண்ணீர், அளவுக்குச் சற்று அதிகமாகவே. மிதமான வெயிலில் நடக்கும் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது தோராயம். குழந்தைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, வெயில் ஏறினால் கூடுதல். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு குடிக்கவைக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது.

சாப்பாட்டை ஒரே வேளையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வாழைப்பழம், உலர் பழம், பிஸ்கட் என்று சிறு பொட்டலங்களாகப் பிரித்து, முக்கால் மணிக்கு ஒருமுறை கொடுங்கள். காரணம் தெரியாத அழுகைக்குப் பாதி நேரம் பசிதான் காரணம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகள் வேண்டாம், புரையேறும். எந்த வயதிலும் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம்.

இவற்றோடு பிளாஸ்திரி, கிருமிநாசினி, கட்டுத்துணி, சாமணம், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஆளுக்கொரு விசில், டார்ச், மாற்றுக் காலுறை, குப்பைக்கு ஒரு பை. டார்ச் பைக்குள் இருக்க வேண்டும், காரில் அல்ல. கைப்பேசியின் மின்னேற்றம் சிக்னல் இல்லாத இடத்தில் வேகமாகக் கரையும்; விமானப் பயன்முறையில் போட்டுவைத்தால் தேவையான நேரத்தில் உயிரோடு இருக்கும். வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கும் ஒரு சிறு பை கொடுங்கள். தன் தண்ணீர், தன் விசில், தன் மேலங்கி, அவ்வளவுதான். போகப்போக அந்தப் பையில் கற்கள் சேரும், அதற்கும் இடம் விடுங்கள். எப்படியும் கடைசியில் அந்தப் பை உங்கள் தோளுக்குத்தான் வரும்.

நடக்கும்போது

ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில். ஒரே ஒரு பெரியவர்தான் என்றால் கடைசியில் நடப்பது நல்லது, எல்லோரும் கண்ணில் இருப்பார்கள். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போன பிள்ளை நின்றாக வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பு கிடையாது.

வேகத்தைச் சின்னவர் தீர்மானிக்கட்டும். அவரை முன்னால் நடக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்; பின்னால் இழுபடும்போது வராத தெம்பு, முன்னால் வழிகாட்டும்போது எங்கிருந்தோ வந்துவிடும். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்ற கேள்வி எப்படியும் வரும். “கொஞ்ச தூரம்தான்” என்று பொய் சொல்லாதீர்கள். இரண்டாவது முறை நம்ப மாட்டார்கள். “அந்த வளைந்த மரம் வரை போய்த் தண்ணீர் குடிப்போம்” என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தைச் சொன்னால் கால் நகரும்.

நிற்பதும் நடையில் சேர்த்திதான். ஒருமுறை பாதையைக் குறுக்கே கடந்த எறும்பு வரிசை ஒன்றின் முன் மகள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். வண்டின் பச்சை இறகு ஒன்றை ஏழெட்டு எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. காற்று அடித்தால் இறகு பாய்மரம்போல நிமிர்ந்தது, எறும்புகள் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் சறுக்கின. ஒரு கூழாங்கல்லில் மாட்டிக்கொண்டபோது நான்கு எறும்புகள் மறுபக்கம் போய் இழுத்தன. பொந்துக்குள் இறகு போகும்வரை பதினொரு நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு அது தெரியும். அன்று போன இடத்தைப் பற்றி அவளுக்கு இன்றைக்கு எதுவும் நினைவில்லை. எறும்புகளைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள்.

தெரியாத பழம், காளான் எதையும் வாயில் வைக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத பொந்திலோ கல்லிடுக்கிலோ கைவிடக் கூடாது. மலம் கழிக்க வேண்டி வந்தால் நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் அறுபது மீட்டர் தள்ளி, பதினைந்து இருபது சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். டயாப்பரும் ஈரத் துடைப்பான்களும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

வழி தவறினால்

கிளம்பும் முன், வண்டியருகிலேயே இதைச் சொல்லிக்கொடுங்கள், நடித்தும் பாருங்கள். 1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலையில் வழி தவறி இறந்துபோனான். அதன் பிறகு ‘மரத்தைக் கட்டிப்பிடி’ என்ற பொருளில் குழந்தைகளுக்கான பயிற்சி ஒன்று அங்கே தொடங்கியது. அதன் சாரம் எளிது: வழி தெரியவில்லை என்று தோன்றிய கணமே ஒரு மரத்தின் அருகில் நின்றுவிடு, அங்கேயே இரு. அலையும் குழந்தையைத் தேடுவதைவிட நிற்கும் குழந்தையைத் தேடுவது பலமடங்கு எளிது.

விசிலை மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று முறை ஊது. கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது. இன்னொன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: “நீ காணாமல்போனால் யாரும் உன்னைத் திட்ட மாட்டோம். தெரியாதவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்.” அடிவிழும் என்ற பயத்திலும், அந்நியரோடு பேசாதே என்று நாம் சொல்லிவைத்திருப்பதாலும், தேடி வந்தவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஒளிந்துகொள்வது உண்டு.

கிளம்பும்போது ஒவ்வொருவரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நிறச் சட்டை என்று பிறகு நினைவுபடுத்தத் திணற வேண்டாம். சட்டை பச்சையாகவோ பழுப்பாகவோ இல்லாமல் பளிச்சென்று இருக்கட்டும்.

வானம், பாம்பு

இடி கேட்டால் நடை முடிந்தது. திறந்த மேட்டிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் விலகி, கீழே இறங்குங்கள். மூடிய கட்டடமோ காரோ பாதுகாப்பு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே திரும்பக் கூடாது. ஓடையில் தண்ணீர் கலங்கியோ ஏறியோ வந்தால் கடக்கவே வேண்டாம்.

பாம்பு கடித்தால் குழந்தையை நடக்கவிடக் கூடாது, தூக்கிக்கொண்டு வர வேண்டும். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து, கொலுசு, வளையல் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இறக்கம்

களைத்த கால் வழுக்குவது இறங்கும்போதுதான். ஓடச் சொல்லும் சரிவில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செங்குத்தான இடத்தில் நீங்கள் ஒரு படி கீழே, குழந்தை மேலே. பொட்டலத்தில் மிகவும் பிடித்த தின்பண்டத்தை ஏறும்போதே தீர்த்துவிடாமல் இறக்கத்துக்கு வைத்திருங்கள். கதை சொல்வது, விடுகதை போடுவது, எண்ணிக்கொண்டே இறங்குவது எல்லாவற்றையும் இங்கே எடுங்கள். ஏற்றத்தில் வேடிக்கை தானாக வரும்.

வீடு திரும்பியதும்

குளிக்கவைக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம். இருந்தால் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்பால் சுடுவதும் தவறு. அடுத்த சில நாள்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் மலைக்குப் போனதைச் சொல்லுங்கள்.

ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். அன்றிரவே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எந்த இடத்தில் முதல் சிணுங்கல், எப்போது திரும்பினோம், எவ்வளவு தண்ணீர் மிச்சம். என் நோட்டில் முதல் நடையின் கீழே மகள் தன் கையால் எழுதிய ஒரு வரியும் இருக்கிறது: “டார்ச்சை அப்பா மறந்துவிட்டார்.”